இந்திய ஹாக்கி வரலாறு – 4: சிப்பாய் தியான் சிங்

தியான் சிங் 1905 ஆகஸ்ட் 29 அன்று அலகாபாத்தில் பிறந்தார். தந்தை சமேஷ்வர் சிங் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சிப்பாய். அண்ணன் மூல் சிங், தம்பி ரூப் சிங். ராணுவக் குடும்பங்களின் வழக்கப்படி இவர்களும் மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் மூட்டை கட்டினார்கள். ஒரு பள்ளியில் பெஞ்சு பழகுவதற்குள் வேறு ஊர் வந்துவிடும். தியான் சிங்கின் படிப்பு ஆறு ஆண்டுகளோடு நின்றுபோனதற்கு இதுவே காரணம். கடைசியில் ஜான்சியில் வீடு கட்டிக்கொள்ளத் தந்தைக்குச் சிறு நிலம் கிடைத்தது. குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது. பின்னாளில் உலகம் சுற்றிய மனிதருக்கும் சொந்த ஊர் என்றால் அது ஜான்சிதான்.

தந்தையும் ராணுவ அணியில் ஹாக்கி ஆடியவர். மகனுக்கும் அது ரத்தத்தில் ஊறியது என்று எழுதிவிடுவது எளிது. உண்மை வேறு. சிறுவயதில் தியான் சிங்குக்கு விளையாட்டில் பெரிய நாட்டம் இருக்கவில்லை. ஏதாவது பிடித்தது என்றால் மல்யுத்தம் பிடித்தது. பட்டாளத்தில் சேரும்வரை சொல்லிக்கொள்ளும்படி ஹாக்கி ஆடிய நினைவே இல்லை என்று அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஜான்சியில் நண்பர்களோடு எப்போதாவது மட்டை பிடித்ததுண்டு. அவ்வளவுதான். அந்த நூலின் பெயர் ‘கோல்’. 1952-ல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. வெளியிட்டது சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ‘ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்’ என்ற விளையாட்டு வார இதழ்.

இந்த வாக்குமூலத்தை முன்னால் வைத்துக்கொண்டுதான் அவரைப் பற்றிய கதைகளைப் படிக்க வேண்டும். 14 வயதில் தந்தையோடு ராணுவ ஆட்டம் ஒன்றைப் பார்க்கப் போனார், தோற்றுக்கொண்டிருந்த பக்கத்துக்கு இறங்கி நான்கு கோல் போட்டார், அதிகாரி அசந்துபோய் ராணுவத்தில் சேர்த்துக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. பல சிறுவர் நூல்களில் அது அப்படியே இருக்கிறது. கேட்க நன்றாக இருந்தாலும், ஆடியவரே ஆடிய நினைவில்லை என்று சொன்ன பிறகு அதை வரலாறாகக் கொள்ள முடியாது. பின்னாளில் தியான் சந்த் என்று பெயர்பெற்ற ஆட்டக்காரர் ஜான்சித் தெருவில் உருவாகவில்லை. 17 வயதுக்கும் 21 வயதுக்கும் இடையில், பட்டாளத்து மைதானத்தில் உருவானார்.

1922 ஆகஸ்ட் 29. அன்று அவருக்கு 17 வயது நிரம்பியது. அதே நாளில் முதலாம் பிராமண ரெஜிமென்ட்டில் சிப்பாயாகச் சேர்ந்தார். ராஜபுத்திரக் குடும்பத்துப் பையன் பிராமண ரெஜிமென்ட்டில் சேர்ந்தது இன்று படிப்பவர்களுக்கு விநோதமாகத் தோன்றலாம். முதல் உலகப் போருக்குப் பிறகு இந்திய ராணுவம் கலைத்துப் போடப்பட்டு மறுபடி அடுக்கப்பட்ட காலம் அது. பழைய படைப்பிரிவுகள் பல ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. முதலாம் பிராமண ரெஜிமென்ட்டும் அதே 1922-ல் முதலாம் பஞ்சாப் ரெஜிமென்ட்டின் ஒரு பட்டாலியனாகியது. ஆனாலும் வீரர்கள் பழைய பெயரையே சொல்லிக்கொண்டார்கள்.

படை அப்போது டெல்லியில் இருந்தது. அந்தப் படைக்கு ஹாக்கி என்றால் உயிர். மற்ற விளையாட்டுகளெல்லாம் அதற்குப் பின்னால்தான். கண்டோன்மென்ட்டில் ஆட்டத்துக்கென்று மணிக்கணக்கு கிடையாது. டியூட்டி முடிந்த எவரும் எந்த நேரத்திலும் மட்டையோடு இறங்கலாம். அங்கே சுபேதார் மேஜராக இருந்தவர் பாலே திவாரி. புதிதாக வந்த சிப்பாயின் கையில் மட்டையைக் கொடுத்து, பந்தை எப்படி நிறுத்துவது, எப்படித் தள்ளுவது என்று அடிப்படையிலிருந்து கற்றுக்கொடுத்தவர் அவர்தான். தியான் சந்த் கடைசிவரை தம் முதல் குரு என்று சொன்னதும் அவரைத்தான். இந்திய ஹாக்கி வரலாற்றில் பாலே திவாரிக்கு ஒரு பத்திக்கு மேல் எவரும் ஒதுக்கியதில்லை. இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

சுபேதார் மேஜர் என்பது சாதாரணப் பதவி அல்ல. ஓர் இந்தியப் பட்டாலியனில் இந்தியர் ஒருவர் எட்டக்கூடிய உச்சம் அது. அதற்கு மேலே வெள்ளைக்கார அதிகாரிகள். கீழே இருந்த சிப்பாய்களுக்கு அவர்தான் தகப்பன் ஸ்தானம். அப்படிப்பட்டவர் மாலை நேரத்தில் மைதானத்துக்கு வந்து ஒரு புதுப் பையனோடு பந்தைத் தட்டுகிறார் என்றால், அந்தப் படையில் ஹாக்கிக்கு இருந்த மதிப்பு புரியும். ஆங்கில அதிகாரிகளுக்கும் அதில் அக்கறை இருந்தது. படைகளுக்கு இடையே நடக்கும் கோப்பைப் போட்டிகளில் ஜெயிப்பது ரெஜிமென்ட்டின் மானப் பிரச்சினை. நன்றாக ஆடும் சிப்பாய்க்குக் கமாண்டிங் ஆபீசரின் கண்ணில் தனி இடம் உண்டு.

தியான் சிங் எப்படி தியான் சந்த் ஆனார் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. பகலெல்லாம் டியூட்டி, மின்விளக்கு மைதானங்கள் இல்லாத காலம், ஆகவே நிலவு எழும்வரை காத்திருந்து அந்த வெளிச்சத்தில் தனியாகப் பயிற்சி செய்வார், நண்பர்கள் அதைப் பார்த்து ‘சந்த்’ என்று நிலவின் பெயரையே அவருக்கு வைத்துவிட்டார்கள் என்பார்கள். இதைச் சான்று காட்டி நிரூபிக்க வழியில்லை. ஆனால் முதலில் சொன்ன 14 வயதுக் கதையைவிட இது நம்பத் தகுந்தது. நேரக் கட்டுப்பாடு இல்லாத மைதானமும் டியூட்டிக்குப் பின் மட்டும் கிடைக்கும் ஓய்வும் சேர்ந்தால், ஆர்வமுள்ள ஒரு பையன் இரவிலும் மட்டை பிடித்திருப்பான் என்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அந்தக் காலத்து ஆட்டத்தின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் அவர் என்ன கற்றுக்கொண்டார் என்பது விளங்கும். மைதானம் புல்தரை. பல கண்டோன்மென்ட்களில் புல்லும் இருக்காது, இறுகிய மண்தான். முன்வரிசையில் ஐந்து பேர், நடுவே மூன்று ஹாஃப்-பேக், பின்னால் இரண்டு ஃபுல்-பேக், கோல்கீப்பர். கோல் வாயைச் சுற்றி 15 கஜ வட்டம். அதற்கு உள்ளேயிருந்து அடித்தால்தான் கோல். ஆட்டம் தொடங்கும்போதும், ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் ‘புல்லி’ நடக்கும். இரு அணிகளின் சென்டர் ஃபார்வர்டுகளும் பந்துக்கு இருபுறமும் எதிரெதிரே நின்று, தரையில் ஒரு தட்டு, எதிராளியின் மட்டையில் ஒரு தட்டு என மூன்று முறை தட்டிவிட்டுப் பந்துக்குப் பாய்வார்கள். யார் மணிக்கட்டு முந்துகிறதோ அவர் பக்கம் பந்து. சென்டர் ஃபார்வர்டு என்பவர் ஒவ்வொரு முறையும் இந்தச் சிறு சண்டையில் ஜெயித்தாக வேண்டும்.

இதைவிட முக்கியமானது ஆஃப்சைடு விதி. பந்து தள்ளப்படும் கணத்தில், அதை வாங்கப் போகிறவருக்கும் எதிரணியின் கோல் கோட்டுக்கும் இடையே குறைந்தது மூன்று எதிரணி ஆட்கள் இருந்தாக வேண்டும். ஓடிப்போய் கோல் வாயில் காத்துக்கொண்டிருப்பது நடக்காத காரியம். பந்தைப் பின்னாலிருந்து சரியான நொடியில் அனுப்ப வேண்டும். வாங்குபவரும் அதே நொடியில் கிளம்ப வேண்டும். அரை நொடி முந்தினால் விசில். பிந்தினால் ஃபுல்-பேக் வந்து அடைத்துவிடுவார். பந்தைத் தனியாகக் கொண்டு ஓடுகிறவரைவிட, எப்போது கைவிட வேண்டும் என்று தெரிந்தவருக்கே இந்த விதியில் பலன். தியான் சந்த்தின் பந்து மட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சொல்லிச் சொல்லி, மட்டையை உடைத்து உள்ளே காந்தம் இருக்கிறதா என்று பார்த்தார்கள் என்பதுவரை கதை வளர்ந்தது. அவருடைய சம காலத்தவர்கள் அதிகமாகப் பேசியது அவருடைய பாஸைப் பற்றி. பந்தை விடவேண்டிய நேரம் தெரிந்தவர் என்பதே அவர்கள் தந்த முதல் பாராட்டு.

1922 முதல் 1926 வரை அவர் ஆடியதெல்லாம் ராணுவப் போட்டிகளும் ரெஜிமென்ட் ஆட்டங்களும்தான். கல்கத்தாவின் பெய்ட்டன் கோப்பை, பம்பாயின் ஆகா கான் கோப்பை ஆகிய இரண்டும் 1890-களிலிருந்தே நடந்துவந்தன. சிவில் ஹாக்கியின் நட்சத்திரங்கள் அங்கே மின்னினார்கள். நகரத்துப் பத்திரிகைகளில் அவர்கள் பெயர் வந்தது. ரெஜிமென்ட் போட்டியில் ஒரு சிப்பாய் போட்ட கோலை யார் அச்சடிக்கப்போகிறார்கள்? ஆகவே இந்த நான்கு ஆண்டுகளைப் பற்றி எழுத்தில் கிடைப்பது மிகக் குறைவு.

கிடைப்பவற்றில் பேர்போனது ஜீலத்தில் நடந்த ஆட்டம். பஞ்சாப் காலாட்படைப் போட்டியின் இறுதி ஆட்டம். பிராமண ரெஜிமென்ட் இரண்டு கோல் பின்தங்கியிருந்தது. மிச்சம் நான்கே நிமிடம். கோட்டுக்கு வெளியே நின்ற கமாண்டிங் ஆபீசர், ஏதாவது செய் என்று தியான் சந்தை நோக்கிக் குரல் கொடுத்தார். அந்த நான்கு நிமிடத்தில் மூன்று கோல் விழுந்தது. மூன்றும் அவருடையவை. ஆட்டம் 3-2. ஒவ்வொரு கோலுக்கும் பிறகு பந்து மையத்துக்கு வந்து புல்லி நடக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அந்த நிமிடங்களில் மற்ற பத்துப் பேரும் எப்படி ஓடியிருப்பார்கள் என்பதும் தெரியும். ‘ஹாக்கி மந்திரவாதி’ என்ற பட்டம் அந்த ஆட்டத்திலிருந்துதான் ஒட்டிக்கொண்டது என்பார்கள்.

1926-ல் நியூசிலாந்துக்கு அனுப்ப இந்திய ராணுவம் ஓர் அணியைத் திரட்டியது. கடல் கடந்து போன முதல் இந்திய ஹாக்கி அணி அது. ஆள் எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி ஒவ்வொரு படைக்கும் போய்ச் சேர்ந்தது. ஒருநாள் கமாண்டிங் ஆபீசர் தியான் சந்தைக் கூப்பிட்டு, நீ நியூசிலாந்து போகிறாய் என்று சொன்னார். சிப்பாய்க்கு வார்த்தை வரவில்லை. சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்ததும் ஒரே ஓட்டமாக ஓடி நண்பர்களிடம் சொன்னதாக அவர் எழுதுகிறார். பிறகு துணிமணிக் கவலை. சிப்பாய்ச் சம்பளத்தில் புது உடுப்பு தைக்க எங்கே போவது? ராணுவம் கொடுத்த உடுப்புகளே பெட்டியில் பெரும்பகுதி. கையிலிருந்த காசுக்கு ஏற்ப மிச்சத்தைத் தேற்றிக்கொண்டார்.

அங்கே 21 ஆட்டங்கள். 18 வெற்றி, 2 சமம், 1 தோல்வி. அடித்தது 192 கோல், வாங்கியது 24. சராசரியாக ஆட்டத்துக்கு ஒன்பது கோல் என்றால் எதிரணிகள் சோப்ளாங்கிகள் என்று நினைக்கத் தோன்றும். நியூசிலாந்தில் ஹாக்கி அப்போதே ஊர்தோறும் பரவியிருந்தது. அணியைத் தோற்கடிக்கவும் செய்தார்கள். ஆனால் இந்தியச் சிப்பாய்கள் ஆடிய வேகமான குட்டைப் பாஸ் ஆட்டத்தை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள்.

சிப்பாய்களுக்கு வேறொரு விதத்திலும் அது புது உலகம். தம் நாட்டில் வெள்ளைக்கார அதிகாரியின் வீட்டு வாசலுக்கு மேல் போகாதவர்கள், அங்கே ஊர் ஊராக விருந்துக்கு அழைக்கப்பட்டார்கள். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே மேஜை. அந்த உபசாரத்தைப் பல ஆண்டுகளுக்குப் பிறகும் தியான் சந்த் மறக்கவில்லை. பரிசாக ராணுவம் என்ன கொடுத்தது என்று பார்த்தால், ஊர் திரும்பியதும் 1927-ல் லான்ஸ் நாயக் பதவி. சிப்பாய்க்கு மேலே முதல் படி. கையில் ஒரு பட்டை ஏறியது. ஐந்து ஆண்டு சேவைக்கும் ஒரு நாட்டையே அசத்திய ஆட்டத்துக்கும் சேர்த்துக் கிடைத்தது இவ்வளவே.

இதற்கிடையே நாட்டில் ஹாக்கிக்கு ஓர் அமைப்பு உருவாகியிருந்தது. 1925 நவம்பரில் குவாலியரில் கூடி இந்திய ஹாக்கி சம்மேளனத்தைத் தொடங்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஹாக்கியே இல்லை. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் சர்வதேச ஹாக்கி சம்மேளனம். அதன் முயற்சியால் 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் ஹாக்கி மறுபடி சேர்க்கப்பட்டது. இந்தியா அணி அனுப்புவது என்று முடிவானது. நியூசிலாந்தில் ராணுவ அணி காட்டிய கணக்கு அந்தத் தைரியத்துக்கு ஒரு காரணம்.

அணியைத் தேர்ந்தெடுக்க மாகாணங்களுக்கு இடையே ஒரு போட்டியை 1928 தொடக்கத்தில் கல்கத்தாவில் நடத்தினார்கள். ஐக்கிய மாகாணம், பஞ்சாப், வங்காளம், ராஜபுதனம், மத்திய மாகாணம் என ஐந்து அணிகள். சென்னை மாகாணம் அதில் இல்லை. தியான் சந்த் ஐக்கிய மாகாணத்துக்கு ஆட ராணுவம் அனுமதி கொடுத்தது. அனுமதி என்ற இந்தச் சொல்லைக் கவனித்துக்கொள்வது நல்லது. அவருடைய ஆட்ட வாழ்க்கையின் ஒவ்வொரு திருப்பத்திலும் அது வரும். சிப்பாய்க்கு லீவு கிடைத்தால் நாட்டுக்குச் சென்டர் ஃபார்வர்டு. கிடைக்காவிட்டால் பாரா, பரேடு.

ஐந்தாண்டுகளாக இந்தியாவில் படைவீரர்கள் மட்டுமே பார்த்த ஆட்டத்தைக் கல்கத்தா முதல்முறையாகப் பார்த்தது. அவர் சென்டர் ஃபார்வர்டு. பக்கத்தில் இன்சைட் ரைட்டாக ஜார்ஜ் மார்த்தின்ஸ். அதற்கு முன் பெரிதாகச் சேர்ந்து ஆடியிராத இருவரும் ஒருவர் மனத்தை ஒருவர் படித்தவர்கள்போல ஆடினார்கள். ராஜபுதனத்தோடு நடந்த ஆட்டத்தில் மூன்றாவது நிமிடத்துக்குள் முதல் கோல். பந்தை வலப்பக்கம் இழுத்துச் சென்று மார்த்தின்ஸிடம் விட்டார். திரும்பி வந்ததைத் தாமதிக்காமல் அடித்தார். தடுக்க வந்தவரின் மட்டையில் உரசிக்கொண்டு அது வலைக்குள் போனது. கோல்கீப்பர் அசையக்கூட வாய்ப்பில்லை. இடைவேளைக்குள் மூன்று கோல். ஆட்டம் 3-1. கோப்பையும் ஐக்கிய மாகாணத்துக்கே. ஒலிம்பிக் அணியின் பட்டியலில் சென்டர் ஃபார்வர்டு என்ற இடத்துக்கு நேரே யார் பெயர் என்பதில் அதன் பிறகு விவாதம் இருக்கவில்லை.

பட்டியல் தயார். பணம்தான் தயாராக இல்லை. ராஜாக்களிடமும் மாகாணங்களிடமும் சம்மேளனம் கையேந்தியது. ஒரு கட்டத்தில் இருவரை விட்டுவிட்டுக் கப்பல் ஏறலாமா என்று யோசிக்கும் நிலை. வங்காளம் கைகொடுத்ததால் ஷௌகத் அலியும் ரெக்ஸ் நாரிஸும் தப்பினார்கள். அணித் தலைவர் ஜெய்பால் சிங் இங்கிலாந்தில் இருந்தார். ராஞ்சிப் பக்கத்து முண்டா பழங்குடியில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, ஐ.சி.எஸ். பயிற்சியில் இருந்தவர். அணியில் பாதிக்கு மேல் ஆங்கிலோ-இந்தியர்கள். ரயில்வே, தபால்-தந்தி, சுங்கம் போன்ற துறைகளும் அவர்கள் படித்த பள்ளிகளும் அன்றைய சிவில் ஹாக்கியைத் தாங்கிக்கொண்டிருந்தன. இவர்களுக்கு நடுவே இந்தியச் சிப்பாய் என்று சொல்ல தியான் சந்த்.

புறப்படுமுன் பம்பாயில் உள்ளூர் அணியோடு ஓர் ஆட்டம். ஒலிம்பிக் அணி 2-3 என்று தோற்றுப்போனது. இரண்டு கோலையும் தியான் சந்த் போட்டும் பயனில்லை. தோற்ற அணிக்கு யார் மாலை போடுவார்கள்? 1928 மார்ச் 10 அன்று ‘கைஸர்-இ-ஹிந்த்’ கப்பல் கிளம்பியபோது வழியனுப்பத் துறைமுகத்துக்கு வந்தவர்கள் மூன்றே பேர். சம்மேளனத் தலைவர் பர்ன்-மர்டாக், துணைத்தலைவர் நியூஹாம், பட்டாச்சார்ஜி என்ற பத்திரிகையாளர்.

மார்ச் கடைசியில் லண்டனுக்குப் பக்கத்து டில்பரித் துறைமுகத்தில் இறங்கினார்கள். இங்கிலாந்தில் அடுத்தடுத்து ஆட்டங்கள். ஈஸ்டர் விடுமுறையில் ஃபோக்ஸ்டன் ஹாக்கி விழாவிலும் ஆடினார்கள். ஆங்கிலப் பத்திரிகைகளின் தொனி வாரத்துக்கு வாரம் மாறியது. 1908-லும் 1920-லும் ஒலிம்பிக் ஹாக்கியில் தங்கம் பிரிட்டன் பக்கமே போயிருந்தது. 1928-ல் பிரிட்டன் அணியே அனுப்பவில்லை. அடிமை நாட்டிடம் தோற்க நேருமே என்ற பயம்தான் காரணம் என்று இந்திய நூல்களில் எழுதுவது வழக்கம். அது ஊகம். ஆனால் ஃபோக்ஸ்டனில் இந்தியர்கள் ஆடியதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஊகம் எளிதாக எழுந்திருக்கும். ஏப்ரல் கடைசியில் அணி ஆம்ஸ்டர்டாம் போய்ச் சேர்ந்தது. ஒலிம்பிக் தொடங்கும் முன் ஹாலந்து, ஜெர்மனி, பெல்ஜியம் என்று சுற்றி உள்ளூர் அணிகளைப் பெரிய வித்தியாசத்தில் வென்றது.

ஒலிம்பிக்கில் ஒன்பது நாடுகள், இரண்டு பிரிவு. பிரிவில் முதலில் வரும் அணிகள் நேராக இறுதி ஆட்டத்துக்கு. மே 17 அன்று ஆஸ்திரியாவை இந்தியா 6-0 என்று வென்றது. அதில் மூன்று கோல் தியான் சந்த்துடையது. மறுநாளே பெல்ஜியத்தோடு 9-0. மே 20 டென்மார்க், 5-0. மே 22 சுவிட்சர்லாந்து, 6-0. அதில் நான்கு அவருடையது. ஆறு நாளில் நான்கு ஆட்டம், மாற்று ஆள் இறக்கும் வசதி இல்லாத விதி. ஐரோப்பியப் புல்தரை ஈரமாகவும் கனமாகவும் இருக்கும். கண்டோன்மென்ட்டின் இறுகிய மண்ணில் பழகிய கால்களுக்கு அது வேறு ஆட்டம். அதையும் மீறித்தான் இந்தக் கோல்கள்.

இறுதி ஆட்டத்துக்கு முன் அணி கலைந்துபோகும் நிலைக்கு வந்தது. மேலாளர் ரோஸரோடு ஏற்பட்ட மனக்கசப்பால் ஜெய்பால் சிங் விலகிவிட்டார். என்ன நடந்தது என்பது தமக்குக் கடைசிவரை புரியாத மர்மம் என்ற தொனியில்தான் தியான் சந்த் எழுதுகிறார். லான்ஸ் நாயக் ஒருவருக்கு ஐ.சி.எஸ். பயிற்சியில் இருந்தவரும் அணி மேலாளரும் போட்ட சண்டையின் உள்விவரம் எப்படித் தெரியும்? பொறுப்பு அணியின் துணைத்தலைவர் புரூம் பின்னிகர் கைக்கு வந்தது. போதாக்குறைக்கு ஃபெரோஸ் கான், ஷௌகத் அலி, கேர் சிங் மூவரும் நோயில் படுத்தார்கள். தியான் சந்த்துக்கும் உடம்பு சரியில்லை. செய் அல்லது செத்து மடி என்பதே அன்றைக்கு ரோஸர் அணிக்குச் சொன்ன வாசகம். பட்டாளத்துக்காரனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மே 26, எதிரே ஹாலந்து. சொந்த ஊர், சொந்தக் கூட்டம். காய்ச்சலோடு இறங்கிய சென்டர் ஃபார்வர்டு அன்றும் கோல் போட்டார். இந்தியா 3-0. ஐந்து ஆட்டத்தில் 29 கோல் அடித்த அணி ஒன்றுகூட வாங்கவில்லை. கோல்கீப்பர் ரிச்சர்ட் ஆலனின் இந்தச் சாதனையைத் தியான் சந்த்தின் 14 கோல்கள் மறைத்துவிட்டன. ஹாக்கியில் எப்போதும் நடக்கும் அநியாயம் இது. 14 கோல்களோடு போட்டியிலேயே அதிகம் அடித்தவர் தியான் சந்த். இந்தியாவுக்கு ஒலிம்பிக் ஹாக்கியில் அதுவே முதல் தங்கம். அவருக்கு அப்போது வயது 22.

பம்பாய் இப்போது வேறு பம்பாய். கப்பல் வந்து நின்ற துறைமுகத்து ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டிருந்தார்கள். நகர மேயர் டாக்டர் தேஷ்முக் வந்திருந்தார். கவர்னர் தம் பிரதிநிதியை அனுப்பியிருந்தார். மார்ச்சில் வந்த மூன்று பேரையும் இந்தக் கூட்டத்தையும் ஒப்பிட்டுத் தியான் சந்த் தம் நூலில் குறிப்பிடத் தவறவில்லை.

மாலைகள் வாடும் முன்பே படை அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அடுத்து அவர் போன இடம் வடமேற்கு எல்லையில் வஸீரிஸ்தான். பழங்குடிகளோடு ஓயாத சண்டை நடந்த மலைநாடு. ஒலிம்பிக் சாம்பியனுக்கு அங்கே வேலை துப்பாக்கியோடுதான். சம்மேளனம் இருந்தது நகரங்களில். போட்டிகள் நடந்தது கல்கத்தாவிலும் பம்பாயிலும். அந்த உலகத்துக்கும் எல்லைக் காவலில் நின்ற ஒரு லான்ஸ் நாயக்குக்கும் தொடர்பு ஏறக்குறைய அறுந்துபோனது. ஓர் ஆட்டக்காரனின் நல்ல வயது என்றால் 23-லிருந்து 26 வரை. அதில் பெரும்பகுதி இப்படிக் கழிந்தது. ராணுவம்தான் அவரை ஆக்கியது என்றால், அவருடைய ஆட்டத்தை எடுத்துக்கொண்டதும் அதே ராணுவம்தான்.

1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்கு அணி தேர்ந்தெடுக்க மறுபடி மாகாணப் போட்டி வந்தது. தியான் சந்த்துக்கு லீவு கொடுக்கும்படி சம்மேளனம் ராணுவ விளையாட்டு வாரியத்துக்கு எழுதியது. படை மறுத்துவிட்டது. போட்டி அவர் இல்லாமலே நடந்தது, பஞ்சாப் ஜெயித்தது. மற்ற எல்லோரும் மைதானத்தில் ஆடிக் காட்டி இடம் பிடிக்க வேண்டியிருந்த அந்த அணியில், ஆடாமலே பெயர் எழுதப்பட்டவர் அவர் ஒருவர்தான். அதே தேர்வில் ஆடிக் காட்டி, லெஃப்ட்-இன் இடத்தைப் பிடித்தவர் அவருடைய தம்பி ரூப் சிங்.